எண்ணிக்கையிலிருந்து ஒப்பீட்டுக்கு: தென் திருவிதாங்கூரில் வயிற்றுப்புண் சிகிச்சை, 1908 முதல் இன்று வரை

தக்கலையிலிருந்து இரணியல் வழியாகச் சில கிலோமீட்டர் போனால் நெய்யூர். கல்குளம் வட்டத்து மக்களுக்கு நெய்யூர் ஆசுபத்திரி தலைமுறை தலைமுறையாகப் பழகிய பெயர். இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் தொடங்கி வைத்த மருத்துவப் பணி அங்கே வேர்பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வயிற்றுப்புண் அறுவை பற்றிப் பேசிய பிரிட்டிஷ் மருத்துவ இதழ்களில் இந்தச் சிற்றூரின் அனுபவமும் அச்சேறியது. அன்றைய தென் திருவிதாங்கூரில் வயிற்றுப்புண் அவ்வளவு பரவலாக இருந்தது. அதற்காகக் கத்தியைக் கையிலெடுத்த மருத்துவர்களும் தாங்கள் செய்ததை எழுதி வைத்தார்கள்.

இந்த நூறாண்டில் வயிற்றுப்புண்ணுக்கு என்னென்ன சிகிச்சை தரப்பட்டது என்ற பட்டியல் பல நூல்களில் கிடைக்கிறது. ஒரு சிகிச்சை பலன் தருகிறது என்று ஒவ்வொரு காலத்திலும் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதே இக்கட்டுரை தேடும் கேள்வி. நோயாளிகளை எண்ணுவது ஒன்று, இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிடுவது வேறொன்று. நம் பகுதி மருத்துவம் முதலாவதை மிக விரைவில் கற்றுக்கொண்டது. இரண்டாவது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. அந்த இடைவெளியில் மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு செய்த பல சிகிச்சைகள் பயனற்றவையாகவும், சில தீங்கானவையாகவும் இருந்தன.

இதை ஆராய வயிற்றுப்புண்ணைப் போலப் பொருத்தமான நோய் வேறில்லை. முன்சிறுகுடலில் வரும் புண் தானாகவே வந்து போகும் இயல்புடையது. பசி நேரத்திலும் நள்ளிரவிலும் மேல்வயிற்றில் எரிச்சலும் வலியும் சில வாரம் வாட்டும், பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் இராது, மீண்டும் வரும். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்து நடத்திய ஆய்வுகளில்கூட, நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் புண் ஆறியிருக்கிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் மருத்துவரைத் தேடிப் போகிறான். அதன்பின் எது கொடுத்தாலும் பலருக்குத் தேவலையாகும். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் மருந்தின் மீது நம்பிக்கை வளரும். ஒப்பீடு இல்லாத இடத்தில் இந்த நம்பிக்கையை அசைக்க எதுவுமில்லை.

நெய்யூரின் பேரேடு

நெய்யூர் மருத்துவர்களிடம் எண்ணிக் கணக்கு வைக்கும் பழக்கம் உறுதியாக இருந்தது. 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் இப்பகுதியிலிருந்து இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஆர்தர் ஃபெல்ஸ் தென்னிந்தியாவின் வாய்ப்புற்றுநோயைப் பற்றி எழுதி, 209 அறுவைகளை அலசினார். டபிள்யூ. சி. பென்டால் திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தைத் தொகுத்தார். இன்றைக்கும் வாய்ப்புற்றுநோயின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இரு கட்டுரைகளைத் தொடாமல் போவதில்லை. 1933இல் ஐ. எம். ஆர் அதே நோயைப் பற்றி லான்செட் இதழில் எழுதி, வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கத்தோடு அதைப் பிணைத்துக் காட்டினார்.

இந்த வகை எண்ணிக்கையின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நோய் யாருக்கு வருகிறது, உடம்பில் எங்கே வருகிறது, எந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு வருகிறது என்பதைக் கவனமான பேரேடு சொல்லிவிடும். புகையிலை அடக்கும் கன்னத்திலேயே கட்டி கிளம்புவதைப் பலநூறு முறை கண்டவருக்குக் காரணத்தை ஊகிக்க நுட்பமான புள்ளியியல் தேவையில்லை. சிகிச்சையின் பலன் என்று வந்தால் நிலைமை வேறு. 209 அறுவைகளில் இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று சொல்லும்போது, அறுவை செய்யாமல் விட்டிருந்தால் எத்தனை பேர் எவ்வளவு காலம் இருந்திருப்பார்கள் என்ற கேள்வி உடனே எழுகிறது. அதற்குப் பேரேட்டில் பதில் இல்லை. அக்கால இலண்டன் மருத்துவமனைகளின் பேரேடுகளிலும் இல்லை. இது நெய்யூரின் குறையல்ல. அன்றைய மருத்துவம் முழுவதன் எல்லை அது.

சோமர்வெல்லும் இரைப்பை அறுவையும்

1922இல் எவரெஸ்ட் பயணம் முடித்துவிட்டு இந்தியாவைச் சுற்றிப் பார்த்த தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் என்ற இளம் அறுவை மருத்துவர் நெய்யூருக்கு வந்தார். அங்கே குவிந்து கிடந்த நோயாளிகளையும் ஒற்றையாளாகத் திணறிய மருத்துவரையும் கண்டு, இலண்டனில் காத்திருந்த தொழில் வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே தங்குவதென்று முடிவெடுத்தார். 1924 எவரெஸ்ட் பயணத்துக்குப் பிறகும் நெய்யூருக்கே திரும்பினார். கேரள எல்லையில் காரக்கோணத்தில் இயங்கும் சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவரிடம் வந்த வயிற்றுப்புண் நோயாளிகள் ஐரோப்பிய நோயாளிகளைப் போன்றவர்கள் அல்லர். தென்னிந்தியாவில் இப்புண் இரத்தக் கசிவாகவோ துளையாகவோ முடிவது குறைவு. ஆண்டுக்கணக்கில் ஆறி ஆறிப் புண்ணாகி, வடு சுருங்கி, இரைப்பையின் வாசலையே அடைத்துவிடுவது அதிகம். மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி பிற்காலத்தில் இந்த வேறுபாட்டை விரிவாக ஆவணப்படுத்தினார். வாசல் அடைபட்டவர் உண்டதையெல்லாம் மாலையில் வாந்தியெடுத்து, எலும்பும் தோலுமாகி வந்து சேர்வார்.

இவர்களுக்குச் செய்யப்பட்ட அறுவை எளிய அடிப்படை கொண்டது. வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே இழுத்து, இரைப்பையின் அடிப்பகுதியோடு பக்கவாட்டில் ஒட்டி வைத்து, இரண்டிலும் இரண்டு மூன்று விரல் நுழையும் அளவு திறப்பு வைத்து, விளிம்புகளைச் சேர்த்துச் சுற்றிலும் தைப்பார்கள். உணவு அடைபட்ட வாசலைத் தொடாமல் புது வழியில் குடலுக்குள் இறங்கும். வாந்தி நின்று, நோயாளி உண்ணத் தொடங்கி, உடம்பு தேறும். அடைப்புள்ளவருக்கு இந்த அறுவை உயிர் கொடுத்தது என்பதில் ஐயமில்லை. அதற்கு ஒப்பீட்டு ஆய்வும் தேவையில்லை, ஏனென்றால் அறுவையின்றி அவர் முடிவு என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

சிக்கல் அடைப்பு இல்லாதவர்களிடம் தொடங்கியது. வலி மட்டும் உள்ளவர்களுக்கும் இதே அறுவை உலகெங்கும் செய்யப்பட்டது. அமிலம் குறையாமல் நேரே சிறுகுடலில் விழவே, தையல் போட்ட இடத்திலேயே புதுப்புண் கிளம்பியது. சோமர்வெல்லும் ஐ. எம். ஆரும் 1936இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி இதழில் எழுதிய கட்டுரை, முன்சிறுகுடல் புண்ணையும் இந்தத் தையலிடத்துப் புண்ணையும் சேர்த்தே ஆராய்ந்தது. தாங்கள் செய்த அறுவையின் தீய விளைவைத் தாங்களே எடுத்து எழுதும் நேர்மை எல்லாக் காலத்திலும் அரிது. அதற்காகவே இந்தக் கட்டுரைக்கு நம் பகுதியின் மருத்துவ வரலாற்றில் தனி இடம் தர வேண்டும் என்று கருதுகிறேன்.

அடுத்து, அமிலத்தைக் குறைக்க வழி தேடினார் சோமர்வெல். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்தால் அமிலம் குறையும். ஆனால் இரத்தம் ஏற்றும் வசதியோ முறையான மயக்கமருந்தோ குறைவாக இருந்த இடத்தில் அது பேராபத்து. எனவே இரைப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகளைக் கட்டிவிடும் முறையைக் கையாண்டார். வெட்டாமலே வெட்டியதன் பலன் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. 1945இல் அதே பிரிட்டிஷ் இதழில் 382 பேருக்கு இதைச் செய்த அனுபவத்தை வெளியிட்டார். அமிலம் நிரந்தரமாகக் குறையும் என்ற உரிமைகோரல் கட்டுரைத் தலைப்பிலேயே இருந்தது.

இந்த 382 என்ற எண்ணை இன்றைய கண்ணோடு பார்க்க வேண்டும். ஒரு தனி மருத்துவமனையின் அனுபவம் என்ற அளவில் அது பெரியது. ஆனாலும் மூன்று கேள்விகள் எஞ்சுகின்றன. இதே போன்ற இன்னொரு 382 பேருக்குத் தமனியைக் கட்டாமல் விட்டிருந்தால் எத்தனை பேருக்கு வலி நின்றிருக்கும்? தானாக வந்து போகும் நோயில் இந்தக் கேள்விக்கு விடையில்லாமல் எதையும் சொல்ல முடியாது. அடுத்து, அளந்தது அமிலத்தை. நோயாளிக்கு வேண்டியது புண் திரும்பாமை. முன்னது குறைந்தால் பின்னது நடக்கும் என்பது ஊகம். மூன்றாவதாக, இரைப்பை இரத்த ஓட்டம் மிகச் செழிப்பான உறுப்பு. ஒரு குழாயை அடைத்தால் பக்கத்துக் குழாய்கள் பருத்து அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். நிரந்தரம் என்று சொல்ல நீண்டகாலத் தொடர்கவனிப்பு வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு யாரும் விடை தேடும் முன்பே அந்த அறுவை மறைந்துபோயிற்று. 1943இல் சிகாகோவின் லெஸ்டர் டிராக்ஸ்டெட் இரைப்பைக்கான நரம்பை வெட்டி அமிலத்தைக் குறைக்கும் முறையைத் தொடங்கியிருந்தார். உலகம் அந்தப் பக்கம் திரும்பியது. தமனிகட்டும் முறை தோற்றது என்று யாரும் நிறுவவில்லை. வென்றது என்றும் நிறுவவில்லை. மருத்துவத்தில் பெரும்பாலான பழைய சிகிச்சைகள் இப்படித்தான் தீர்ப்பு எழுதப்படாமலே வழக்கொழிந்தன.

மரச்சீனி, மிளகாய், பால்

வயிற்றுப்புண் என்றாலே நம் ஊரில் முதலில் வருவது உணவுப் பேச்சு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் மரச்சீனிச் சாகுபடி ஊக்குவிக்கப்பட்டது. ஏழைகளின் பசியை அது ஆற்றியது. மரச்சீனியும் மீன்கறியுமே பலருக்கு அன்றாட உணவாயிற்று. இந்த உணவுக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் தொடர்பு உண்டா என்ற ஐயம் 1920களிலேயே எழுந்தது. குன்னூரில் உணவாராய்ச்சி செய்துகொண்டிருந்த ராபர்ட் மெக்காரிசன், திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை ஒரு கூட்டம் எலிகளுக்கும், பஞ்சாபியரின் கோதுமையும் பாலும் சேர்ந்த உணவை இன்னொரு கூட்டத்துக்கும் கொடுத்துப் பார்த்தார். முதல் கூட்டத்து எலிகளின் வயிற்றில் புண்கள் காணப்பட்டன. இந்தச் சிகிச்சை வரலாற்றில் முறையான ஒப்பீடு மனிதருக்கு முன்னால் எலிகளுக்கு வாய்த்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மனிதரிடம் அதைச் சோதித்தவர் இரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்ஹோத்ரா. மும்பையில் முன்சிறுகுடல் புண் ஆறிய 42 பேரில் ஒரு பாதியினரை அரிசிச் சோற்றிலேயே விட்டு, மறுபாதியினரைத் தீட்டாத கோதுமைக்கு மாற்றி, ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து 1978இல் முடிவை வெளியிட்டார். அரிசி உண்டவர்களில் 81 விழுக்காட்டினருக்குப் புண் திரும்பியது. கோதுமை உண்டவர்களில் 14 விழுக்காட்டினருக்கு மட்டுமே திரும்பியது. கவனத்தை ஈர்க்கும் வேறுபாடுதான். ஆனாலும் 42 பேர் என்பது சிறு எண்ணிக்கை. யார் எதைத் தின்கிறார் என்பது நோயாளிக்குத் தெரியாமல் வைக்கவும் முடியாது. இதை முடிந்த முடிபாகக் கொள்ளாமல் நல்ல தடயமாகக் கொள்வதே முறை.

வீட்டில் சொல்லும் இரண்டு அறிவுரைகள் வேறு: காரம் தொடாதே, பாலை நிறையக் குடி. இவை இரண்டையும் டெல்லியிலிருந்த மருத்துவர்கள் சோதித்தார்கள். 1984இல் என். குமார், பி. எஸ். ஆனந்த் முதலியோர் முன்சிறுகுடல் புண்ணுள்ள 50 பேரை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் அமிலம் முறிக்கும் மருந்தும் வழக்கமான சாப்பாடும் கொடுத்தார்கள். அதில் 25 பேர் கூடுதலாக நாளொன்றுக்கு 3 கிராம் மிளகாய்ப் பொடியும் சாப்பிட்டார்கள். நான்கு வாரம் கழித்து எண்டோஸ்கோப் வழியே பார்த்தபோது இரு பிரிவிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் புண் ஆறியிருந்தது. மிளகாய் ஆறுவதைத் தடுக்கவில்லை. காரம் தின்றால் எரிகிறது என்று சொல்பவரின் எரிச்சல் உண்மை. அதனால் புண் ஆறாது என்பது உண்மையல்ல.

பாலின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க மருத்துவர் பெர்ட்ராம் சிப்பி 1915இல் மணிக்கொரு தரம் பாலும் பாலாடையும் காரமருந்தும் கொடுக்கும் முறையை வகுத்தார். அரை நூற்றாண்டு அது உலகெங்கும் வயிற்றுப்புண் மருத்துவத்தின் அடித்தளமாக இருந்தது. 1956இல் ரிச்சர்ட் டால் குழுவினர், குழாய் வழியே இடைவிடாமல் பாலை இரைப்பைக்குள் சொட்டவிட்டுப் பார்த்தும் இரைப்பைப் புண் ஆறுவதில் மேலதிகப் பலன் காணவில்லை. 1986இல் அதே டெல்லிக் குழு, அமிலத்தை அடக்கும் சிமெடிடின் மருந்து பெற்ற நோயாளிகளிடம் பால் உணவையும் வழக்கமான சாப்பாட்டையும் ஒப்பிட்டது. வழக்கமான சாப்பாடு உண்டவர்களில் நால்வரில் மூவருக்கு மேல் ஆறிய புண், பாலையே உணவாகக் கொண்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு மட்டுமே ஆறியது. பால் குடித்த மறுகணம் கிடைக்கும் குளுமை அந்தக் கணத்தோடு சரி. அதன்பின் பால் அமிலச் சுரப்பைத் தூண்டிவிடுகிறது. ஐம்பது, அறுபது ஆண்டு நம்பிக்கையை ஒரு சிறிய ஒப்பீட்டு ஆய்வு புரட்டிப்போட்டது. இன்னும் வயிற்றுப்புண்காரர்களுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு இச்செய்தி போய்ச் சேராதது வருத்தத்துக்குரியது.

ஒப்பீட்டின் வருகை

குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து ஒப்பிடும் நவீன ஆய்வு 1948இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வோடு நிலைபெற்றது. காசநோயாளிகள் 107 பேர். மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்றவர்கள் 55, ஓய்வு மட்டும் பெற்றவர்கள் 52. யாருக்கு எது என்பதை ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த முறைப்படி மூடிய உறைகள் தீர்மானித்தன. ஆறு மாதத்தில் முதல் பிரிவில் 4 பேர் இறந்தார்கள். இரண்டாவதில் 14 பேர்.

தமிழ்நாட்டுக்கு இந்த முறை எட்டே ஆண்டில் வந்தது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. சேரிகளிலும் நெரிசலான தெருக்களிலும் வாழ்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவை சானடோரியத்திலும் மறுபிரிவை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு இல்லாமல் காசம் தீராது என்பது அன்றைய அசைக்க முடியாத கொள்கை. 1959இல் வெளியான முடிவு அதை அசைத்தது. சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தினருக்கு அதனால் தொற்று கூடவில்லை. உலகக் காசநோய்த் திட்டங்களின் போக்கையே மாற்றிய ஆய்வு அது. தக்கலை உட்பட்ட நான்கு தென் வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்ததும் அதே 1956 நவம்பரில்தான்.

வயிற்றுப்புண்ணுக்கு ஒப்பீடு வந்த விதம் கசப்பானது. 1962இல் மினசோட்டாவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஓவன் வாங்கன்ஸ்டீன் இரைப்பையை உறையவைக்கும் சிகிச்சையை அறிவித்தார். நோயாளி ஒரு பலூனை விழுங்குவார். அதற்குள் கடுங்குளிரூட்டிய திரவம் சுற்றிவரும். அமிலம் சுரக்கும் செல்கள் ஒடுங்கிவிடும் என்பது கோட்பாடு. கத்தியில்லாத சிகிச்சை என்பதால் ஆயிரக்கணக்கானோருக்குச் செய்தார்கள். வலி நின்றதாக நோயாளிகள் சொன்னார்கள். 1969இல் ரஃபின் தலைமையிலான குழு 160 பேரைக் குலுக்கிப் பிரித்தது. 82 பேருக்கு உண்மையான உறைகுளிர். 78 பேருக்கு அதே பலூன், அதே கருவி, ஆனால் உடல் சூட்டிலேயே இருந்த திரவம். தேறியவர்கள் முதல் பிரிவில் 34 விழுக்காடு, இரண்டாவதில் 38 விழுக்காடு. பலூனின் குளிருக்கு எந்தப் பலனும் இல்லை. கருவிகள் மூலைக்குப் போயின.

அறுவைகளையும் ஒப்பிட முடியும் என்று காட்டியவர்கள் இங்கிலாந்தின் லீட்ஸ், யார்க் நகரங்களின் மருத்துவர்கள். ஜான் கோலிகர் தலைமையில் மூன்று வகை வயிற்றுப்புண் அறுவைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். யாருக்கு எந்த அறுவை என்று அறியாத குழுவைக்கொண்டே பின்னர் நோயாளிகளை மதிப்பிட்டார்கள். ஐந்து முதல் எட்டு ஆண்டு கழித்து 1968இல் வந்த முடிவில், மூன்றுக்கும் இடையே ஒட்டுமொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தத்தம் அறுவையே சிறந்தது என்று அறுவை மருத்துவர்கள் இதழ்களில் வாதாடிய பல ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த விடை அது.

சோமர்வெல் 1949 முதல் 1961 வரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவையியல் கற்பித்தார். அவர் கற்ற மருத்துவம் மூத்த கையின் அனுபவத்தைச் சான்றாக ஏற்றது; அவர் கற்பித்த மாணவர்களின் காலத்தில் அந்த அனுபவமே சோதனைக்கு உள்ளாயிற்று.

கிருமியும் எட்டு விழுக்காடும்

1976இல் சிமெடிடின் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. ஜேம்ஸ் பிளாக் கண்டறிந்த வழியில் உருவான இம்மருந்து அமிலச் சுரப்பை அடக்கியது. ஒப்பீட்டு ஆய்வுகளில் வெறும் மாத்திரையைத் தெளிவாக வென்றது. வயிற்றுப்புண் அறுவைகள் சரசரவென்று குறைந்தன. ஆனால் மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்குப் புண் திரும்பியது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவதே தீர்வு என்றாயிற்று.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பைச் சவ்வில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டு, 1982இல் ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தார்கள். கடும் அமிலத்தில் கிருமி வாழாது என்பதே அன்றைய பாடம். மார்ஷல் 1984இல் அக்கிருமிக் குழம்பைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அந்தச் செயலைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். என் மதிப்பீட்டில், தீர்ப்பை எழுதியது அதைவிட ஓசையில்லாத ஓர் ஆய்வு. 1993இல் வியன்னாவின் ஹென்ட்ஷெல் குழு, திரும்பத் திரும்ப முன்சிறுகுடல் புண் வந்த 104 பேரைக் குலுக்கிப் பிரித்தது. எல்லோருக்கும் அமிலத்தை அடக்கும் ரானிடிடின், ஒரு பிரிவுக்கு மட்டும் கூடவே அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் பன்னிரண்டு நாள், மறுபிரிவுக்கு அவற்றைப் போலவே தோற்றமளிக்கும் மருந்தில்லா மாத்திரை. ஓராண்டில் புண் திரும்பியது ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கு. மற்றவர்களில் 86 விழுக்காட்டினருக்கு. வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

மரச்சீனி, மிளகாய், கவலை, அமிலம் என்று நூறாண்டு தேடிய காரணங்களுக்கு அடியில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இக்கிருமி இருந்தது. அதைக் கண்டறிவதும் எளிதாயிற்று. எண்டோஸ்கோப் வழியே அரிசி மணியிலும் சிறிய சவ்வுத் துணுக்கைக் கிள்ளி, யூரியா கலந்த மஞ்சள் நிறக் களிம்பில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அது யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை விடும். களிம்பு மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாகச் சிவக்கும்.

வியன்னா முடிவை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியாவில் பெரும்பாலோர் வயிற்றில் இக்கிருமி குடியிருக்கிறது. அவர்களில் சிலருக்கே புண் வருகிறது. ஆகவே கிருமி மட்டும் முழுக்காரணமல்ல. உணவு பற்றிய பழைய கேள்வி செத்துவிடவில்லை. மருந்தின் ஆற்றலும் இடத்துக்கு இடம் மாறுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் முதலியோர் 2003இல் வெளியிட்ட பலமைய ஆய்வில், இந்திய நோயாளிகளிடமிருந்து பெற்ற 259 கிருமி வகைகளில் 77.9 விழுக்காடு மெட்ரோனிடசோலுக்குக் கட்டுப்படவில்லை, 44.7 விழுக்காடு கிளாரித்ரோமைசினுக்குக் கட்டுப்படவில்லை. வியன்னாவில் வென்ற அதே மாத்திரை இங்கே தோற்கக்கூடும். வேறிடத்துச் சான்றை ஏற்கும் முன் உள்ளூரில் சோதித்துப் பார்ப்பது மருத்துவத்தின் அடிப்படைக் கடமை.

சான்றுகளைத் தொகுத்தல்

தனித்தனி ஆய்வுகள் பெருகியபோது அவற்றைச் சேர்த்துப் படிக்கும் வேலை எழுந்தது. ஆர்ச்சி காக்ரேன் 1972இல் எழுதிய சிறுநூலில், பொதுப்பணத்தில் தரப்படும் சிகிச்சைகள் பலன் தருகின்றனவா என்று சோதிக்கும்படி மருத்துவ உலகை வற்புறுத்தினார். 1993இல் அவர் பெயரில் உலகளாவிய கூட்டமைப்பு உருவாயிற்று. தெற்காசியாவுக்கான அதன் மையம் பிரதாப் தாரியன் வழிகாட்டலில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலேயே அமைந்தது. 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தியர் எல்லோரும் காக்ரேன் நூலகத்தைக் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்தது. அதே ஆண்டு இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேடும் தொடங்கியது.

இத்தகைய தொகுப்புகள் காட்டிய படம் மருத்துவர்களைத் தலைகுனிய வைப்பது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் குழுமம் ஏறத்தாழ 3,000 சிகிச்சைகளின் சான்றைத் திரட்டி வகைப்படுத்தியபோது, உறுதியாகப் பலன் தருபவை 11 விழுக்காடு. பலன் தரக்கூடியவை 24 விழுக்காடு. சரிபாதியான 50 விழுக்காட்டுக்குப் பலன் உண்டா இல்லையா என்று சொல்லப் போதிய சான்றே இல்லை. சான்றில்லாதது எல்லாம் பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. அடைப்புக்குச் செய்த நெய்யூர் அறுவையைப் போல, ஆய்வின்றியே கண்கூடானவையும் அந்தப் பாதியில் இருக்கலாம். உறைகுளிர் பலூன்களும் இருக்கலாம். எது எது என்று பிரித்தறியச் சோதனையைத் தவிர வேறு வழியில்லை.

குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களின் சிகிச்சைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். மரபு மருத்துவத்தை இம்முறையில் சோதிக்க முடியாது என்ற வாதம் நிற்காது. கோயம்புத்தூரில் முடக்குவாத நோயாளிகள் 43 பேரிடம் ஆயுர்வேதத்தையும் மெத்தோட்ரெக்சேட் என்ற நவீன மருந்தையும், யாருக்கு எது என்று தெரியாதபடி இரட்டை மறைப்போடு ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வெளியானது. ஆயுர்வேதச் சிகிச்சையை ஆளுக்கு ஆள் மாற்றித் தரும் சுதந்திரத்தையும் அந்த ஆய்வு காப்பாற்றியது. சிறிய ஆய்வுதான், ஆனால் வழி இருக்கிறது என்று காட்டிவிட்டது. வர்மத்தை மதிப்பவர்கள்தாம் இதை முதலில் கேட்க வேண்டும்.

இன்று தக்கலையில் மருந்துச்சீட்டு எதற்கானாலும் அதில் ஒரு கேஸ் மாத்திரை சேர்ந்தே வருகிறது. அமிலத்தை அடக்கும் பான்டோபிரசோல் புண்ணுக்கும், வலிநிவாரணியை நீண்டநாள் உண்ணும் முதியவரின் இரைப்பையைக் காக்கவும் சான்றுள்ள மருந்து. மூன்று நாள் காய்ச்சலுக்கு அதைச் சேர்ப்பதற்குச் சான்றில்லை. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் பாதுகாப்பானது என்று எல்லோரும் விழுங்கிய ரானிடிடின், புற்றுநோய் விளைவிக்கக்கூடிய மாசு உருவாகிறது என்பதால் 2020இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. 2022இல் இந்தியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்தும் நீங்கியது.

பழைய சிகிச்சைகளின் விளைவு இன்னும் நம்மிடையே நடமாடுகிறது. கிருமி அறியப்படாத காலத்தில் இரைப்பையை வெட்டியோ குடலோடு இணைத்தோ அறுவை செய்துகொண்டவர்கள், மேல்வயிற்றில் நெடுக்குத் தழும்போடு இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் இவர்கள் உடம்பில் சரியாகச் சேர்வதில்லை; சோகை, கைகால் மரத்துப்போதல், எலும்புத் தேய்வு மெல்ல மெல்ல வரும். வெட்டி எஞ்சிய இரைப்பையில் பதினைந்து இருபது ஆண்டு கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுதல். அத்தழும்போடு ஒரு பெரியவர் களைப்பென்று வந்தால் வயதாகிவிட்டது என்று திருப்பி அனுப்பாமல், ஹீமோகுளோபினும் பி12 அளவும் பார்க்க வேண்டும். எடை குறைந்தாலோ உணவு இறங்கவில்லை என்றாலோ தாமதியாமல் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும். பி12 குறைவுக்கு ஊசி உண்டு. அதன் விலை மிகக் குறைவு. அது பலன் தரும் என்பதில் ஐயமில்லை.